எண்ணெய்த் தலை பட்ட சுவர்

மீன் குழம்பு வழிந்து இறங்குவதைக் கைக்கடிகாரமும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் ரோசம்மாள். சங்கரா மீன், புளி கொஞ்சம் தூக்கல். கணவருக்கும் மகளுக்கும் டப்பா கட்டியது போக மிச்சத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. ஒரு கரண்டி ஊற்றியாயிற்று. அரை மணி நேரம் காய வேண்டும். அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைப்பார். மஞ்சள் தெரிந்தால் பெயிண்ட் பெயில்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வீட்டுக்குள் அடிக்கிற பெயிண்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடம் அது. பதினாறு வருடமாக அங்கே ரோசம்மாளுக்கு வேலை, நல்ல சுவரைக் கெடுப்பது. சுவர் என்றால் முழுச் சுவர் இல்லை. பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ஒரு வாரம் காயவைத்த சிமென்ட் அட்டைகள். அவற்றைக் கீறுவார், பிளேடால் கட்டம் போட்டு டேப் ஒட்டிப் பிடுங்குவார், கறுப்புத் துணியால் தேய்த்து வெள்ளை மாவு ஒட்டுகிறதா என்று பார்ப்பார். பிரஷ்ஷை முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கில் இழுத்துத் தேய்க்கிற மெஷின் ஒன்றும் உண்டு. அது தேய்த்து ஓய்ந்த பிறகு ரோசம்மாள் தன் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுவருவார். மெஷினிடம் தப்பித்த பெயிண்ட்டுகள் எத்தனையோ. அந்த நகத்திடம் தப்பித்தவை கொஞ்சம்தான்.

எந்தெந்தக் கறையை வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல் தலைமை ஆய்வகத்திலிருந்து வந்தது. எந்த நாட்டுச் சுவரைப் பார்த்து எழுதினார்களோ, அதில் முதல் கறையே சிவப்பு ஒயின். மேனேஜர் சந்திரமோகன் நேராக ரோசம்மாளிடம் வந்து, உங்கள் சர்ச்சில் இருக்குமே, ஒரு மூடி கிடைக்குமா என்று கேட்டார். பூசைக்கு வைத்திருப்பதைச் சுவரில் ஊற்றினால் தான் நரகத்துக்குப் போவது நிச்சயம், அந்தச் செலவைக் கம்பெனி எந்தக் கணக்கில் எழுதும் என்று ரோசம்மாள் திருப்பிக் கேட்டார். கடைசியில் சந்திரமோகனே தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மதுக்கடை வரிசையில் நின்று வாங்கிவந்தார். சோதனைக்குத் தேவைப்பட்டது இரண்டு சொட்டு. மிச்ச பாட்டில் என்ன ஆயிற்று என்பது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

அந்தப் பட்டியலுக்குக் கீழே ரோசம்மாள் தன் கையெழுத்தில் இன்னொன்றை ஒட்டிவைத்திருக்கிறார். மீன் குழம்பு, மஞ்சள், குங்குமம், கண்மை, கொசு ரத்தம், கொசுவத்திப் புகை, சைக்கிள் செயின் மை, தோசை மாவு. இதெல்லாம் எதற்கு என்று சந்திரமோகன் ஒரு தடவை கேட்டுவிட்டார். "ஒயினு ஊத்துற ஊட்ல ஆள கூப்ட்டு மறுபடியும் பெயிண்ட் அடிச்சிப்பான் சார். கொழம்பு ஊத்துற ஊட்ல தொடச்சிதான் ஆவணும்" என்றார் ரோசம்மாள்.

அவர் பட்டியலில் கடைசி வரி, தலை எண்ணெய். விதிப்படி பார்த்தால் எண்ணெயைச் சொட்டுக் குழாயில் எடுத்து அட்டையில் மூன்று சொட்டு விட வேண்டும். ரோசம்மாளுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. போலியோ சொட்டு மருந்து மாதிரி சுவருக்கு எண்ணெய் விடுகிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? எண்ணெய் தலையோடுதான் வரும், வேர்வையோடும் பொடுகோடும் சூட்டோடும் வரும். ஆகவே ஒரு தலை வேண்டும். வீட்டில் ஒன்று சும்மா இருந்தது.

கணவர் எபினேசர் பக்கத்து இரும்புத் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்து குளித்து, தலைக்கு ஒரு கை தேங்காய் எண்ணெய் வைத்து, டிவி முன்னால் நாற்காலியைப் போட்டுச் சுவரில் சாய்ந்தால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டார். அந்தச் சுவரில், அவர் தலை படுகிற உயரத்தில், ரோசம்மாள் அட்டையைத் திருகாணி போட்டு மாட்டிவிட்டார். ஒரு பெயிண்ட்டுக்கு முப்பது நாள். இடம் மாறி உட்காரக் கூடாது, ஷாம்பு போடக் கூடாது. இப்படி ஆறு பெயிண்ட்டுகளுக்குத் தலை கொடுத்திருக்கிறார் எபினேசர். ரிப்போர்ட்டில் 'மனிதத் தலை, ஆண், வயது 53' என்று மட்டும் போட்டிருக்கிறது, பெயர் இல்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை. "ஆளயே காணோம், தல மட்டும் கீது" என்று வருகிறவர்களிடம் சொல்லி வருத்தப்படுவார்.

இந்தச் சோதனையால் ரோசம்மாளுக்கு வேண்டாத ஒரு கலை கைவந்துவிட்டது. தலைக்கறையைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். தரையில் உட்காருகிறவரா, கட்டிலில் உட்காருகிறவரா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், போன் சார்ஜ் போடுகிற பக்கமாகச் சாய்கிறவரா, எல்லாம் சொல்வார். கொண்டை போட்ட தலையின் கறை கீழே இறங்கி மங்கலாக இருக்கும். கிராப்புத் தலை வட்டமாக, பளபளவென்று பதியும்.

வெளியே போனாலும் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபமோ, ஆஸ்பத்திரியோ, இழவு வீடோ, உள்ளே நுழைந்ததும் புறங்கையால் சுவரைத் தடவுவார். அடுத்தது போன் டார்ச். சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் ரோலர் போன தடம், பட்டி பார்க்காத பள்ளம், அவசரத்துக்கு அடித்த ஒட்டு, எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். பங்குச் சாமியாரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் பிரமாதம் ஃபாதர், பீடத்துச் சுவர்தான் பவுடர் அப்பின மூஞ்சி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவர் இவர்.

பெயிண்ட் உரிகிறது என்று யாராவது புகார் கொடுத்தால் அந்த வீட்டுக்கும் ரோசம்மாளைத்தான் அனுப்புவார்கள். பெயிண்ட் உரிந்தால் முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான், தண்ணீர். லிட்டருக்குக் கால் லிட்டர் கலக்க வேண்டிய இடத்தில் ஒரு லிட்டர் கலந்து அடித்திருப்பார்கள். ரோசம்மாள் பெயிண்டரைக் கூப்பிட்டு எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார். உடனே மாதா மேல் சத்தியம், முருகன் மேல் சத்தியம், பெற்ற பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம். பதினாறு வருடத்தில் நூறு நூற்றைம்பது வீடு ஏறி இறங்கியிருப்பார். அதிகமாகக் கலந்தேன் என்று சொன்ன ஒரு ஆம்பளையை அவர் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் போன செப்டம்பரில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்.

மகள் ஷைனிக்கு இருபத்தாறு வயது. தனியார் கிளினிக் ஒன்றில் லேப் டெக்னீஷியன். ஏற்கெனவே வந்த நாலு வரன்களில் மூன்றை அவளே வேண்டாம் என்றாள். நாலாவது அரக்கோணத்து வரன், ரோசம்மாளின் நகத்தால் போனது. ரெண்டு லட்சம் செலவழித்து பெயிண்ட் அடித்தோம் என்று அந்த வீட்டம்மா பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, இது மலிவு டிஸ்டம்பர் ஆச்சே என்று இவர் சுரண்டிக் காட்டிவிட்டார். இப்போது ஐந்தாவது. பங்கு உபதேசியார் ஆசீர்வாதம் கொண்டுவந்தது. பையன் பெயர் ஸ்டீவன், டிப்ளமோ, வள்ளூர்ப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். தகப்பனார் இல்லை. வேப்பம்பட்டில் சொந்த வீடு, அம்மாவும் பிள்ளையும் மட்டும். போன் நம்பர் கைமாறி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஷைனி போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்குப் பையனை ரொம்பவே பிடித்துவிட்டது என்று எபினேசருக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஷைனி அம்மாவின் நகத்தை வெட்டினாள். ரயிலில், சார்ஜ் கம்மியாக இருக்கிறது என்று சொல்லி அம்மாவின் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பேசின்பிரிட்ஜில் இறங்கி வேறு ரயில் மாறும்போது கடைசியாகக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, செவுத்த தொடாத. இது ஒண்ணுதான் கேக்கறேன்" என்றாள். ரோசம்மாள் சத்தியம் செய்தார்.

அந்த வீட்டு ஹாலில் நுழைந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பெயிண்ட் அடித்து இரண்டு நாள்தான். மூன்று சுவரும் வெளிர் ஊதா. ரோசம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஸ்டீவனின் அம்மா ஏஞ்சல் எதிரே உட்கார்ந்து, மகன் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவான், ஞாயிற்றுக்கிழமைகூட விட மாட்டேன் என்கிறார்கள் என்று அளந்துகொண்டிருந்தார். ஸ்டீவன் வாசல் பக்கம் தலை குனிந்து நின்றிருந்தான். வெட்கப்படுகிறான் என்று எபினேசர் நினைத்துக்கொண்டார்.

மணி நாலு. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சுவரோடு ஒட்டி, சாய்வாக விழுந்தது. டார்ச்சைப் பிடுங்கி வைத்து என்ன பிரயோஜனம், ஆண்டவரே பெரிய விளக்காகப் பிடித்துவிட்டார். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் ஊதாவுக்கு உள்ளிருந்து பளபளத்தது. எண்ணெய்க் கறை. அடிப்பூச்சாகப் பிரைமர் போடாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். கொஞ்சம் வலது பக்கம் சாய்வு, அந்தப் பக்கம்தான் சார்ஜ் போடுகிற பிளக். எபினேசர் தலை தினம் இரண்டு மணி நேரம், முப்பது நாளைக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு. இந்தத் தட்டுக்குக் குறைந்தது அரை வருடம், தினம் ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஏஞ்சல் தலையில் கொண்டை. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே தலை. அந்தத் தலை காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிற தலை.

பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்தில் பொய். ரோசம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஏஞ்சல் கொண்டுவந்தார். பாதியைக் குடித்தார். மீதியைக் கைக்குட்டையில் ஊற்றிக்கொண்டு எழுந்தார். ஷைனி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று தேய்ப்புத்தான். ஊதா அப்படியே கைக்குட்டைக்கு வந்துவிட்டது, அடியில் பழுப்பாக வட்டம் எட்டிப் பார்த்தது.

"தம்பி, எத்தினி மாசமா ஊட்ல கீற?"

கூட வந்திருந்த உபதேசியார் ஆசீர்வாதம் அவசரமாக அரக்கோணம் ரயில் எத்தனை மணிக்கு என்று சம்பந்தமில்லாமல் விசாரித்தார். ஏஞ்சல், அது பழைய கறை, தன் வீட்டுக்காரர் இருந்த காலத்தது என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஸ்டீவன் வாசலிலிருந்து உள்ளே வந்தான்.

"உடும்மா. ஏழு மாசம் ஆன்ட்டி. கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சு, அனுப்பிட்டாங்க. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அம்மா பயந்துட்டாங்க. உங்க கிட்ட நான் சொல்லியிருக்கணும், சொல்லல. தப்புதான்."

எபினேசர் மகளைப் பார்த்தார். தனக்கு முதல் நாளே சொல்லிவிட்டான் என்றாள் ஷைனி, தரையைப் பார்த்துக்கொண்டு. வேலை கிடைக்கிற வரைக்கும் கல்யாணம் வேண்டாம் என்றும் அவனேதான் சொல்லியிருக்கிறான். தினமும் அந்த பிளக் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் கம்பெனி கம்பெனியாகப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறான். அரக்கோணம் மாதிரியே இதுவும் போச்சு என்று அவள் முடிவே கட்டிவிட்டிருந்தாள்.

எபினேசர் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். குனிந்து கறையை ஜாண் போட்டு அளந்தார். "ஏழு மாசத்துக்கு இம்மாம் பெருசா வருமா? நம்பளுது இத்தினூண்டுதான வந்துச்சி" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ரோசம்மாள் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன பெயிண்ட் என்று கேட்டார். ஸ்டீவன் கொல்லைப் பக்கம் போய் டின்னை எடுத்துவந்தான். டின்னைப் பார்த்ததும் ரோசம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்கள் கம்பெனி பெயிண்ட். அவர் கையெழுத்துப் போட்டுப் பாஸ் பண்ணியது. சங்கரா மீன் குழம்புக்கும் அசையாத பெயிண்ட், எபினேசர் தலைக்கும் மசியாத பெயிண்ட், ஒரு ஈரக் கைக்குட்டைக்கு வந்துவிட்டது. வேலை போனதை மறைத்ததற்கு வந்த கோபம் ஒரு பங்கு என்றால் இதற்கு வந்தது மூன்று பங்கு. நீங்கள் வேலை பார்க்கிற கம்பெனி என்பதால் தேடிப்போய் வாங்கினேன் என்று அவன் சொன்னது அந்தக் கோபத்துக்கு முன்னால் எடுபடவே இல்லை.

நூறு வீட்டில் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்டார்.

"எவ்ளோ தண்ணி ஊத்துன?"

பதில் தெரிந்ததுதான். கம்மியாகத்தான் ஊற்றினேன் என்பான். மாதா படம் வேறு தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது, சத்தியத்துக்கு வசதியாக. ஸ்டீவன் டின்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"ஒண்ணுக்கு ஒண்ணு ஆன்ட்டி. ஒரே டின்னு, மூணு செவுரு, பத்தல. கடசி செவுத்துக்கு இன்னும் கொஞ்சம் சேத்து ஊத்திட்டேன்."

ரோசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டது ஒரு கேள்வி. கேட்காத கடைசிச் சுவரையும் சேர்த்துச் சொல்கிறான். கல்யாணமே கையை விட்டுப் போகிற நேரத்தில், பிழைக்க ஒரு பொய் போதும் என்கிற நேரத்தில், தண்ணீர்க் கணக்கை ஒருத்தன் உள்ளபடி சொல்கிறான். பதினாறு வருடத்தில் முதல் ஆள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் மானம் காப்பாற்றப்பட்டதற்கா, பெண்ணுக்கு இப்படி ஒருவன் கிடைத்ததற்கா என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அதை வெளியே காட்டிக்கொள்கிற ஆளா அவர்? வேலை எவனுக்கும் போகும், இன்னொன்று வரும், எண்ணெய் மேல் பிரைமர் போடாமல் பெயிண்ட் அடிக்கிறவனை என்ன சொல்வது என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். முதலில் சோப்புப் போட்டு எண்ணெயை எடுக்க வேண்டும், பிறகு உப்புத்தாள், பிறகு பிரைமர், அதற்கப்புறம்தான் பெயிண்ட், இதுகூடத் தெரியாமல் என்ன டிப்ளமோ என்று கேட்டார். பட்டித் தகடு இருக்கிறதா என்றார். இருந்தது. பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். ஸ்டீவன் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளை மடித்தான். இரண்டு பேரும் சுரண்ட ஆரம்பித்தார்கள். மேல் விளிம்பில் சுவரும் கூரையும் சேர்கிற கோட்டை யார் பிடித்தது என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். நான்தான் என்றான். கோடு நூல் பிடித்தாற்போல் இருந்தது. அவர் சுரண்டுகிற வேகம் கொஞ்சம் குறைந்தது.

ஏஞ்சல் எப்போது சமையற்கட்டுக்குள் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. கேசரித் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றவர் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் பெண் வீட்டார் வாயில் ஒன்றும் போடக் கூடாது. வேதாகமத்தில் எங்கேயும் இல்லாத இந்தச் சட்டத்தைப் பத்துக் கட்டளைகளைவிடக் கறாராக அனுசரிக்கிற ஊர் இது. தட்டை நீட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. ஷைனி தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

ரோசம்மாள் திரும்பினார். மணிக்கட்டு வரைக்கும் ஊதாத் தூள், விரலிடுக்கெல்லாம் ஈரப் பசை. இரண்டு கைகளையும் ஏஞ்சல் முன்னால் விரித்துக் காட்டினார். பிறகு முகத்தை நிமிர்த்தி, வாயை ஆவென்று திறந்தார்.